நரம்பின் பருமனும் நாதத்தின் பண்பும்

நரம்பு என்பது தமிழிற் பல பொருள் தரும் ஒரு சொல். உடம்பகத்து நரம்பை அது குறிக்கும். யாழிலே கட்டிய தந்தியைக் குறிக்கும். அத்தந்தியிற் பிறக்கும் சுரத்தையும் குறிக்கும். இசையின் தானங்களை மூன்றாக வகுத்த நம் முன்னோர், தாழ்ந்ததனை மெலிவு என்றும், இடைப்பட்டதனைச் சமன் என்றும், உயர்ந்ததனை வலிவு என்றும் வழங்கினர். இங்கே ஒரு வியப்பு உண்டு. மெலிவைத் தரும் நரம்பு பருத்திருக்கின்றது. வலிவைத் தரும் நரம்பு மெலிந்திருக்கின்றது. வீணையை நோக்கினும் வயலினை நோக்கினும் இம்முரண் கண்கூடு. நரம்பின் பருமன் ஒலிக்கு எதனைச் செய்கின்றது, எதனைச் செய்யமாட்டாது என்பவற்றை, இன்று இளைஞர் பெரிதும் விரும்பும் பேஸ் கிற்றாரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியர்க்கு இப்பொருளில் என்ன வேலை எனப் பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். நகைக்க இடமுண்டு. ஆயினும் இக்கட்டுரை நாம் தீர்க்கவேண்டிய ஒரு கடன். அதனை முதலிற் கூறிவிடுதல் முறை.

யூபிலி விழாவின் இசை நிகழ்ச்சிக்கெனப் பழைய மாணவர் சிலர் எமது மெல்லிசைக் குழுவுக்குப் பேஸ் கிற்றார் ஒன்றை அன்பளித்தனர். அதனை வாசிக்கும் பொறுப்பை உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஏற்றான். ஒருநாட் பயிற்சிக்குப் பொறுப்பாக நாம் இருந்தவிடத்து அவன் வந்து, “சேர், இன்னும் தடிச்ச கம்பி போட்டால் இன்னும் கீழான சத்தம் வருமோ?” என்று வினாவினான். மெலிவு, சமன், வலிவு என்பவற்றைச் சற்று முன்னரே வகுப்பிற் கற்பித்து வந்த பெருமிதத்தில், “வரும், பருத்த நரம்பே மெலிவு தரும்” என விடை கூறினோம். அவனும் தன் கைப்பணத்தைச் சேர்த்துப் பருத்த நரம்புத் தொகுதி ஒன்றை வாங்கிப் பூட்டினான். ஒலி கீழே செல்லவில்லை. மாறாகக் கருவியின் தண்டி வளைந்தது. நரம்புகள் மெட்டுக்களினின்றும் உயர்ந்து நின்றன. மேல் மெட்டுக்களிற் சுருதி பிழைத்தது. இருந்த தெளிவும் மங்கிற்று. அன்பளிப்பாக வந்த பொருளைக் கெடுத்துவிட்டோம் என்று அஞ்சிய அப்பிள்ளை இரு கிழமையாகப் பயிற்சிக்கு வந்திலன். பிழை அவனதன்று, சோதியாது விடை கூறிய எம்மது. அன்பளித்தோர் இதனை அறிதல் வேண்டும். வினாவிய மாணவனுக்கும் அவன்போல் வினாவப்போகும் ஏனையோர்க்கும் சரியான விடை கிடைத்தலும் வேண்டும். ஆதலின் எமது பௌதிகவியல் ஆசிரியரை அணுகி, ஆய்வுகூடத்துச் சுரமானியின் முன் மாணவர்போல் நின்று கற்றவற்றை இங்கே தொகுத்துரைக்கின்றோம்.

கருவியின் வரலாறு

மேலைநாட்டு இசைக்குழுக்களில் மெலிவுத் தானத்தைக் காத்து நின்றது டபிள் பேஸ் என்னும் பெரிய வில்லிசைக் கருவி. அது ஆளுயரத்தினும் உயர்ந்தது. அதன் நரம்பு ஒரு மீற்றரினும் சற்று நீண்டது. தூக்கிச் செல்லுதல் கடினம். மின்னாற் பெருக்கிய கிற்றார் ஒலிக்கும் முரசொலிக்கும் நடுவே அதன் குரல் அமிழ்ந்துபோதலும் உண்டு. 1930களில் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்துப் போல் டட்மார்க் என்பவர் மின்னால் இயங்கும் சிறிய பேஸ் கருவி ஒன்றை ஆக்கினார். அது பரவவில்லை. 1951ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவின் புல்லேட்டன் நகரில் லியோ பெண்டர் என்பவர் பிரிசிஷன் பேஸ் என்னும் கருவியை வெளியிட்டார். தோளிலே தொங்கவிட்டு வாசிக்கத்தக்க அக்கருவிக்கு மெட்டுக்கள் இருந்தமையால் சுருதி பிழையாது விரல் வைத்தல் எளிதாயிற்று. துல்லியம் எனப் பொருள்படும் பெயரும் அதனாலேயே வந்தது. அதன் நரம்பு மேருவிலிருந்து குதிரைவரை 34 அங்குலம், அஃதாவது ஏறக்குறைய 86.4 சென்ரிமீற்றர். பெரும்பாலான பேஸ் கிற்றார்கள் இன்றும் இந்நீளத்தையே கொண்டுள்ளன.

டபிள் பேஸின் நரம்பு அளவே தாழ்ந்த ஒலியை அதனினும் குறுகிய நரம்பிற் பிறப்பித்தல் யாங்ஙனம்? இங்கேதான் பருமன் என்னும் பொருள் வந்து புகுகின்றது.

சோதியாது சொல்லிய விடை

இழுத்துக் கட்டிய நரம்பின் ஒலி மூன்று காரணங்களாற் கட்டுண்டது. அவை நீளம், இழுவை, நிறை என்பன. நீளத்தின் செயலைப் பழைய கிரேக்கர் நன்கறிந்திருந்தனர். நரம்பைப் பாதியாகக் குறுக்கினால் ஒலி ஒரு தானம் உயரும் என்பது பைதகரசின் பெயரால் வழங்கும் உண்மை. ஆனால் அவர் பெயராலேயே ஒரு பொய்யும் வழங்கிற்று. நரம்பில் தொங்கவிட்ட பாரத்தை இருமடங்காக்கினாலும் ஒலி ஒரு தானம் உயரும் என்பதே அது. நூல்கள் அதனை எழுதின. ஆசிரியர் அதனை ஓதினர். மாணவர் அதனை மனனஞ் செய்தனர். பல நூற்றாண்டாக எவரும் ஒரு நரம்பையும் ஒரு பாரத்தையும் எடுத்துத் தூக்கிப் பார்த்திலர் போலும்.

பார்த்தவர் இத்தாலி நாட்டு இசைவாணர் வின்செஞ்சோ கலிலி என்பவர். வானநூல் வல்ல கலிலியோவின் தந்தையார் இவர். ஒரு தானம் உயர்த்துவதற்குப் பாரம் இருமடங்கு போதாது, நான்மடங்கு வேண்டும் எனச் சோதித்துக் கண்டு, 1589ஆம் ஆண்டிலே வெளியான தம் நூலிற் கூறினார். இவ்வரலாற்றை அறிந்தபோது எமக்குச் சிறிது ஆறுதலும் பெரிதும் நாணமும் உண்டாயின. கேட்டதனையே திருப்பிச் சொல்லும் ஆசிரியர் வரிசையில் நாமும் ஒருவரானோம் அன்றோ!

பின்னர்ப் பிரான்சு நாட்டுத் துறவியாகிய மரின் மெர்சென் என்பார் 1636ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பெருநூலில் இவ்விதிகளை முழுமையாக வகுத்தார். அவற்றை எளிய முறையிற் கூறுவோம்.

முதலாவது, நரம்பு நீள நீள அதன் அதிர்வு குறையும். நீளம் இருமடங்கானால் மீடிறன் பாதியாகும். இரண்டாவது, இழுவை கூடக்கூட அதிர்வு கூடும். இழுவை நான்மடங்கானால் மீடிறன் இருமடங்காகும். மூன்றாவது, ஓரலகு நீளத்தின் திணிவு கூடக்கூட அதிர்வு குறையும். திணிவு நான்மடங்கானால் மீடிறன் பாதியாகும்.

மூன்றாம் விதியின் காரணம் அன்றாட வாழ்விற் காணத்தக்கதே. வெறும் வண்டியைத் தள்ளினால் உடனே உருளும். நெல்மூடை ஏற்றிய வண்டி அதே கைவலிக்கு மெல்லவே அசையும். பருத்த நரம்பு பாரமேற்றிய வண்டி. அதனை இழுவையாகிய விசை ஒரு பக்கத்தினின்றும் மறுபக்கத்துக்கு மீட்க நேரம் செல்லும். ஆதலின் ஒரு செக்கனில் அது சில முறையே அதிரும். நம் காது அதனைத் தாழ்ந்த ஒலியாகக் கொள்ளும்.

ஒரே பொருளாலாகிய நரம்பின் விட்டம் இருமடங்கானால், அதன் குறுக்குவெட்டுப் பரப்பும் திணிவும் நான்மடங்காகும். ஆகவே நீளமும் இழுவையும் மாறாதிருப்பின், விட்டம் இருமடங்காக மீடிறன் சரிபாதியாகும். இதுவே பருமன் பற்றிய விதி. “நீளமும் இழுவையும் மாறாதிருப்பின்” என்னும் சொற்றொடரை மாணவர் மறவாதிருப்பாராக. நாம் மறந்தது இதனையே.

நான்கு நரம்பின் கணக்கு

பேஸ் கிற்றாரின் நான்கு நரம்புகளும் தாழ்ந்ததிலிருந்து முறையே ஈ, ஏ, டீ, ஜீ எனப் பெயர் பெறும். செக்கனுக்கு ஈ நரம்பு 41.2 முறையும், ஏ நரம்பு 55 முறையும், டீ நரம்பு 73.4 முறையும், ஜீ நரம்பு 98 முறையும் அதிரும். கடைகளிற் பெரிதும் விற்கப்படும் நடுத்தரத் தொகுதி ஒன்றில் இவற்றின் விட்டம் அதே வரிசையில் 2.67, 2.16, 1.65, 1.14 மில்லிமீற்றர். அங்குல அளவிற் கூறின் 0.105, 0.085, 0.065, 0.045 என்பன.

ஒவ்வொரு நரம்பின் விட்டத்தையும் அதன் அதிர்வுத் தொகையாற் பெருக்கி நோக்குக. ஈ நரம்புக்கு 110. ஏ நரம்புக்கு 119. டீ நரம்புக்கு 121. ஜீ நரம்புக்கு 112. நான்கும் ஏறக்குறைய ஒரே தொகை. அஃதாவது, ஒலி எந்த அளவுக்குத் தாழ்கின்றதோ அந்த அளவுக்கு நரம்பு பருக்கின்றது. இவ்வாறு அமைத்ததன் பயன் யாது? நான்கு நரம்பின் இழுவையும் ஏறக்குறையச் சமமாகும் என்பதே. ஒவ்வொன்றும் சுமார் 18 முதல் 23 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையோடு இழுத்து நிற்கும். நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோகிராம். வளர்ந்த ஆடவர் ஒருவர் அத்தண்டியைப் பிடித்துத் தொங்குவது போன்ற சுமை அது.

இனி, பருமனை மாற்றாது ஈ என்னும் ஒலியைப் பெற முயல்வோமாயின் என்னாகும்? மெல்லிய ஜீ நரம்பையே எடுத்து, இழுவையைத் தளர்த்தி, 41.2 அதிர்வுக்குக் கொணர்வோம். இழுவை ஏறக்குறைய ஆறிலொரு பங்காகக் குறையும். மூன்று, மூன்றரைக் கிலோகிராம் இழுவையில் நிற்கும் அந்நரம்பு துணி காயப்போடும் கொடிபோலத் தொய்ந்து, மீட்டியவுடன் மெட்டுக்களில் அடிபட்டுக் கறகறக்கும். அன்றி, இழுவையை விட்டு நீளத்தைக் கூட்டுவோமாயின், நரம்பு இரண்டு மீற்றருக்கு மேல் நீளவேண்டும். அதனைத் தோளிலே தொங்கவிடல் எவர்க்கும் இயலாது.

ஆகவே, பருமனின் தொழில் யாதெனில், குறுகிய நரம்பு விறைப்பாக நிற்கும்போதே தாழ்ந்து ஒலிக்கச் செய்தலாம். நீளத்துக்கும் தளர்வுக்கும் பதிலாளாக வந்து நிற்பது பருமன்.

மாணவன் வினாவுக்கு விடை

இப்பொழுது அம்மாணவனின் வினாவுக்கு மீள்வோம். அவன் முன்பிருந்த 0.095 அங்குல ஈ நரம்பைக் கழற்றி 0.110 அங்குல நரம்பைப் பூட்டினான். பூட்டியபின் என்ன செய்தான்? பிரடையை முறுக்கி அதே ஈ சுருதிக்குக் கொணர்ந்தான். குழுவினர் எல்லாரும் அச்சுருதியிலே வாசிக்கும்போது அவன் வேறு செய்தல் இயலாதன்றோ? சுருதியை நிருணயித்தது அவன் முறுக்கிய பிரடை, நரம்பின் பருமனன்று. ஆகவே ஒலி சிறிதும் தாழவில்லை.

ஆயின் பருமன் எங்கே சென்றது? இழுவைக்குச் சென்றது. நீளமும் சுருதியும் மாறாதிருக்க, விட்டம் கூடின், இழுவை அதன் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 0.095இலிருந்து 0.110க்கு ஏறியபோது அந்நரம்பின் இழுவை மூன்றிலொரு பங்கு கூடிற்று. ஜீ நரம்பு 0.040இலிருந்து 0.050க்கு ஏறியபோது அதன் இழுவை பாதிக்கு மேற் கூடிற்று. மெல்லிய தொகுதிக்கென ஒழுங்கு செய்யப்பட்டிருந்த தண்டி இப்புதிய சுமையைத் தாங்க மாட்டாது முன்னோக்கி வளைந்தது. தண்டி வளையவே நரம்புகள் மெட்டுக்களினின்றும் உயர்ந்தன. உயர்ந்த நரம்பை அழுத்தும்போது அது மேலும் இழுபட்டுச் சுருதி ஏறிற்று. ஒன்றன்பின் ஒன்றாக வந்த அத்தனை குற்றத்துக்கும் மூலம் எமது ஒரு சொல்.

மெய்யாகவே ஈ சுருதியினும் கீழே செல்ல விரும்புவோர் நரம்பைத் தளர்த்தல் வேண்டும். தளர்த்தினால் அது தொய்யும். தொய்வை நீக்கப் பருத்த நரம்பு வேண்டும். இவ்வகையிற் பருத்த நரம்பு தாழ்ந்த ஒலிக்குத் துணையாகும். தானே அதனைத் தாராது. ஐந்து நரம்புடைய பேஸ் கிற்றாரின் ஐந்தாவது நரம்பு செக்கனுக்கு 30.9 முறை அதிர்வது; அதன் விட்டம் 0.130 அங்குலத்தை ஒட்டியது. அந்நரம்பு போதிய விறைப்போடு நிற்றற்பொருட்டுச் சில கருவிகளின் நீளத்தையும் 35 அங்குலமாக்குவர்.

சுற்று நரம்பின் நுட்பம்

ஈ நரம்பை ஒரே உருக்குக் கம்பியாற் செய்தால் என்ன எனச் சிலர் வினாவலாம். கணக்கிட்டால் அதற்கு ஏறக்குறைய 2.4 மில்லிமீற்றர் விட்டமுடைய கம்பி வேண்டும். அத்துணைப் பருத்த உருக்கு நரம்பன்று, கோல். வளைய மறுக்கும், மீட்டினால் மணியோசை போன்ற இணங்காத ஒலி தரும்.

இழுத்த நரம்பு நேர்நிலைக்கு மீள்வது இழுவையினால். கோல் நேர்நிலைக்கு மீள்வது தன் விறைப்பினால். நரம்பு பருக்கும்தோறும் கோலின் இயல்பு அதனுட் புகும். விட்டம் இருமடங்கானால் வளைதற்கு எதிரான விறைப்பு பதினாறு மடங்காகும். எனவே பாரம் வேண்டும், விறைப்பு வேண்டா என்னும் நிலை தோன்றிற்று. இதற்கு மேலைநாட்டார் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கண்ட வழி, மெல்லிய உள்நரம்பின்மேல் உலோக இழையை நெருக்கமாகச் சுற்றுதல். இழுவையைத் தாங்குவது உள்நரம்பு; பாரத்தைத் தருவது வெளிச்சுற்று. சுற்றுக்கள் ஒன்றையொன்று ஒட்டாது நெகிழ்தலால் விறைப்பு மிகுவதில்லை. வயலினின் தாழ்ந்த நரம்பிலும், பியானோவின் இடப்பக்க நரம்புகளிலும் இம்முறையே காணப்படும். வீணையிலும் சாரணி, பஞ்சமம் என்னும் இரண்டும் வெறும் உருக்குத் தந்திகள். மந்தரம், அனுமந்தரம் என்னும் இரண்டுக்கும் இக்காலத்தார் பெரும்பாலும் சுற்றுத் தந்தியையே கட்டுவர்.

இதனால் இன்னோர் உண்மையும் பெறப்படும். புறத்தே ஒரே பருமனுடைய இரு நரம்புகள் அகத்தே வேறுபடலாம். ஒன்றின் உள்நரம்பு தடித்தும் மற்றொன்றின் உள்நரம்பு மெலிந்தும் இருப்பின், முன்னது விறைத்தும் பின்னது நெகிழ்ந்தும் நிற்கும். பொதியுறையில் எழுதிய எண் ஒன்றையே கண்டு நரம்பின் குணத்தை முடிவு செய்தல் கூடாது.

நாதத்தின் பண்பு

சுருதி ஒன்றேயாயினும் குரல் வேறுபடும். பருமன் மாறும்போது நாதம் எவ்வாறு மாறுகின்றது? இதனை அறிய மேற்றொனிகளை அறிதல் வேண்டும்.

ஒரு நரம்பு முழுநீளமாக மட்டும் அதிர்வதில்லை. இரு பாதிகளாகவும், மூன்று கூறுகளாகவும், நான்கு கூறுகளாகவும் ஒரே வேளையில் அதிரும். 41.2 அதிர்வோடு 82.4, 123.6, 164.8 என்னும் அதிர்வுகளும் உடன் பிறக்கும். இவற்றின் கலப்பே நாதத்தின் நிறம். மேற்றொனி மிகுந்தால் ஒலி துலங்கும். குறைந்தால் ஒலி மழுங்கித் திரளும். பேஸ் கிற்றாருக்கு மேற்றொனிகள் இன்றியமையாதன. சிறிய வானொலிப் பெட்டி 41 அதிர்வை வெளியிடும் ஆற்றல் உடையதன்று. எனினும் அப்பெட்டியிலே பேஸ் ஒலியை நாம் கேட்கின்றோம். மேற்றொனிகளின் இடைவெளியைக் கொண்டு, இல்லாத அடிப்படை ஒலியை நம் செவியும் மூளையும் தாமே நிரப்பிக்கொள்கின்றன.

மெல்லிய நரம்பு எளிதில் வளையும். ஆகவே பல சிறு கூறுகளாகப் பிரிந்து அதிர்தல் அதற்கு எளிது. மேற்றொனிகள் மிகும், ஒலி துலக்கமாகவும் கூர்மையாகவும் இருக்கும். விரலுக்கு மென்மையாய் இருத்தலால் விரைந்து வாசிப்போர் அதனை விரும்புவர். ஆயின் இழுவை குறைவாதலால் அகலமாக ஊசலாடும். வலிந்து மீட்டின் மெட்டில் அடிபடும். மீட்டிய கணத்தில் இழுபட்டுச் சுருதி சற்றே ஏறி இறங்குதலும் உண்டு.

பருத்த நரம்பின் இயல்பு இதற்கு மாறானது. விறைப்பினால் உயர்ந்த மேற்றொனிகள் விரைவில் அடங்கும். அடிப்படை ஒலி ஓங்கி நிற்கும். கேட்போர் இதனைத் திரட்சி, கனம் என்பர். சுருதி தாழாதிருந்தும், மேலே உள்ளவை குறைதலினால் ஒலி தாழ்ந்தது போலத் தோன்றும். பருத்த நரம்பு தாழ்ந்த ஒலி தரும் என்னும் மயக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். அன்றியும், பேஸ் கிற்றாரின் காந்தச் சுருள் மரத்தின் அதிர்வைக் கேட்பதன்று. தன் முன்னே அசையும் உலோகத்தை உணர்வது. உலோகம் மிகுந்த பருத்த நரம்பு பொதுவாக வலிய மின் குறியைத் தரும். ஆயின் அதனை அசைக்க விரலும் வலிதாதல் வேண்டும்.

விறைப்பின் மற்றொரு விளைவு நுண்ணியது. கோலின் இயல்பு புகுந்த நரம்பில் மேற்றொனிகள் இருமடங்கு, மும்மடங்கு என்னும் சரியான கணக்கில் நில்லாது சற்றே உயர்ந்து பிறக்கும். நரம்பின் முனைகளிலும் விறைப்பினாற் சிறிது நீளம் அதிராது போகும். இதனை ஈடுசெய்யவே குதிரையில் ஒவ்வொரு நரம்புக்கும் தனித்தனித் தாங்கி வைத்து, பருத்த நரம்பின் தாங்கியைப் பின்னே தள்ளி அமைப்பர். நரம்பின் பருமனை மாற்றியவர் இத்தாங்கிகளையும் மாற்றி அமையாவிடின், வெறும் நரம்பு சுருதியில் நிற்க, மெட்டில் அழுத்திய நரம்பு சுருதி பிழைக்கும். எமது கருவியில் நிகழ்ந்ததும் இதுவே.

பருமன் மட்டுமே நாதத்தை ஆக்குவதன்று என்பதையும் கூறுதல் வேண்டும். வெளிச்சுற்றின் உருவமும் பெரிதும் வேறுபடுத்தும். உருண்டை இழையாற் சுற்றிய நரம்பு துலங்கி ஒலிக்கும். தட்டை இழையாற் சுற்றிய நரம்பு மென்மையாக ஒலிக்கும். 1966ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தார், ஜோன் என்ட்விசில் என்னும் கலைஞரோடு சேர்ந்து ஆக்கிய உருண்டைச் சுற்று நரம்பு, பியானோவை ஒத்த துலக்கத்தைப் பேஸ் கிற்றாருக்குத் தந்தது. அதே பத்தாண்டில் அமெரிக்காவின் டிட்ரோயிற் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டுக்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் (1936-1983), பருத்த தட்டைச் சுற்று நரம்பைக் கட்டி, அதனையும் அரிதாகவே மாற்றி, மழுங்கித் திரண்ட நாதத்தாற் புகழ் பெற்றார். ஒருவர் தேடியது ஒளி. மற்றவர் தேடியது நிழல். இருவரும் தாம் தேடியதனை அறிந்தே தேர்ந்தனர்.

வீணையின் செய்தி இதற்கும் மேலானது. சர் சீ. வீ. இராமன் அவர்கள் 1921ஆம் ஆண்டிலே வீணை, தம்பூரா என்பவற்றை ஆராய்ந்து, அவற்றின் வளைந்த குதிரைமீது தந்தி தவழ்ந்து அதிர்தலால், பொது விதிப்படி தோன்றலாகாத மேற்றொனிகளும் தோன்றுகின்றன எனக் காட்டினார். மீட்டும் இடத்தாற் பிறவாதொழிய வேண்டிய மேற்றொனியும் அங்கே பிறக்கின்றது. நாதம் என்பது நரம்பொன்றின் செல்வமன்று. நரம்பும், குதிரையும், தண்டியும், விரலும் கூடியீட்டிய பொதுச் சொத்து.

நரம்பு மாற்றுவோர்க்குச் சில சொற்கள்

மாணவர் பயன்கருதிச் சில கூறுவோம். கருவியில் இப்போதுள்ள நரம்பின் அளவை முதலில் அறிக. அறிந்து எழுதி வைக்க. அதே அளவில் மாற்றின் வேறொன்றும் செய்ய வேண்டுவதில்லை. அளவை மாற்ற விரும்பின் ஒரு படி மட்டும் மாற்றுக. 0.100இலிருந்து 0.105க்கு ஏறுவதே இழுவையைப் பத்து வீதம் கூட்டும். நான்கையும் ஒருங்கே கழற்றாது ஒவ்வொன்றாக மாற்றுதல் தண்டிக்கு நன்று. புதிய நரம்பு மேருவின் பள்ளத்திற் சரியாக அமர்கின்றதா என்று பார்க்க. பள்ளத்தினும் பருத்த நரம்பு மேலேயே நிற்கும். பூட்டிய மறுநாள், தண்டியை ஒருபுறமிருந்து கண்ணோட்டி நோக்குக. வளைவு மிகுந்தால், தண்டியின் உள்ளே உள்ள உருக்குக் கோலைச் சிறிது சிறிதாக முறுக்கி நேராக்கலாம். அதனைப் பழகியவர் செய்தலே தக்கது. இறுதியாகக் குதிரையின் தாங்கிகளைச் சுருதி பார்த்து அமைக்க. நரம்பின் நடுவே, பன்னிரண்டாம் மெட்டிலே அழுத்திய ஒலியும், அவ்விடத்தே மெல்லத் தொட்டு எழுப்பும் மேற்றொனியும் ஒன்றாதல் வேண்டும்.

எமது கருவியும் இம்முறையாலேயே மீண்டது. தொழில் தெரிந்த பழைய மாணவர் ஒருவர் வந்து, பருத்த நரம்பைக் கழற்றி, முன்னைய அளவினதைப் பூட்டி, உருக்குக் கோலை அரைச் சுற்று முறுக்கி, ஒரு பிற்பகலில் அதனைச் செம்மை செய்தார். தண்டிக்கு நிலையான கேடு எதுவும் இல்லை. அம்மாணவனை வீட்டிற்குச் சென்று அழைத்து வந்தோம். எமது விடையே பிழையென்று குழுவினர் முன்னிலையிற் கூறினோம். அவன் மறுமொழி கூறவில்லை. கிற்றாரை எடுத்து ஈ நரம்பை ஒருமுறை மீட்டினான். அது போதுமாயிற்று.

ஈழத்துத் தமிழர்க்கு இப்பொருள் அயலானதன்று. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளார் விஞ்ஞானப் பட்டமும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே உடையவர். வழக்கொழிந்த யாழை மீட்கப் புகுந்த அவர், பழைய நூல்களை ஓதியதோடு நில்லாது, நரம்பின் கணக்கையும் ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டிலே யாழ்நூலை வெளியிட்டார். தமிழையும் கணக்கையும் இரு வேறு அறைகளில் வைத்துப் பூட்டியிருந்தால் அந்நூல் பிறந்திராது. தமிழாசிரியர் ஆய்வுகூடத்துள் நுழைவதும், பௌதிகவியல் ஆசிரியர் மெலிவு, சமன், வலிவு என்பவற்றின் பொருளை வினாவுவதும் அடிகளார் காட்டிய நெறியே என்று கொள்கின்றோம்.

மாணவர்களே, ஆசிரியர் கூறும் விடையை மதியுங்கள், மதித்தபின் சோதியுங்கள். ஒரு நரம்பும் ஒரு பாரமும் ஒரு செவியும் போதும். எம்போன்றோர் பிழைபடினும் நரம்பு பிழைபடாது.